கடல் பட்டியலில் இருக்கிறது

அந்தக் கார்ட்டூன் படக் கம்பெனியின் நான்காம் மாடியில் பெருங்கோப்புத் துறை என்று ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூடத் தன் பணிக்காலத்தில் ஒரு கோப்பையும் திறந்து பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்களே மேடையேறிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான் இது.

துறை வந்த கதை சின்னது. கார்ட்டூன் படத்துக்கான கோப்புகள் வர வரப் பெருத்துக்கொண்டே போயின. ஒரு மழைக் காட்சியைத் திறந்தால் மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். இதற்கு எல்லா ஊரிலும் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய கோப்புகளைக் கீழ்த்தளத்து சர்வரில் வைத்துவிட்டு, மேஜையில் அதே பெயரில் மூன்று வரிச் சீட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது சீட்டைக் காட்டினால் கோப்பு மேலே வரும். எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் முழுக் கோப்பும் கையில் இருக்கிறது. சிறு கோடு இருந்தால் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம், பல் தேய்ப்பதைவிடச் சுலபம். இதற்கு ஒரு துறையை வைத்தார்கள்.

துறை என்று வந்தால் தலைவர் வேண்டும். முதன்மைப் பட்டியல் அதிகாரி என்று ஒருவரைப் போட்டார்கள். கம்பெனியில் எல்லாரும் அவரைச் சுருக்கமாக 'முதன்மை' என்றார்கள். அவர் வந்ததும் முதல் வேலையாக, அந்தக் கட்டளையைக் கண்டவர்கள் தட்டுவதைத் தடை செய்தார். தட்டுவதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருக்கு 'விரல்காரர்' என்று பெயர் விழுந்தது. ஒரு தடவை கார்க் கதவில் விரல்காரரின் வலது ஆள்காட்டி விரல் நசுங்கியபோது, கட்டு அவிழும்வரை துறையே மூடிக் கிடந்தது. இடது கையால் தட்டினால் அதே கோப்புகள் வருமா என்று ஆராய ஒரு குழு உட்கார்ந்தது. வரலாம், ஆனால் பொறுப்பேற்க முடியாது என்று அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

வியாழக்கிழமைதோறும் பட்டியல் நாள். பெரிய அறையில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். விரல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டளையைத் தட்டுவார். பெயர்கள் மேலேறிப் போகும். கடைசிப் பெயர் வந்து நின்றதும் முதன்மை, "இருக்கிறது" என்பார். நிற்பவர்கள் எல்லாரும், "இருக்கிறது" என்பார்கள். பிறகு பிஸ்கட் கொடுப்பார்கள்.

இந்த மாடியைப் பற்றி இரண்டாம் மாடியில் இருந்த கடல்காரிக்கு அதிகம் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அம்மாவைத் தேடிப் போகும் ஒரு திமிங்கிலக் குட்டியின் கதையைக் கம்பெனி படமாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்கான கடல் முழுவதையும் கம்ப்யூட்டரில் செய்தவள் அவள். விடியற்காலைக் கடல், மழை விழும் கடல், புயலுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் கடல் என்று நான்கு வருடமாக அதே வேலை. ஒரு அலை உடைவது சரியில்லை என்று மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருக்கிறாள். கால் எலும்பு முறிந்து வீட்டில் படுத்தபோதும் விடவில்லை. கடல் முழுவதையும் வீட்டு கம்ப்யூட்டருக்கு வரவழைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அங்கிருந்தே அலை அடித்தாள். பல் செட் செய்யும் அவள் கணவர், மாவில் வார்த்த பல்லைச் செதுக்குவதற்கு நடுவில் வந்து டீ வைத்துவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் அவளுக்குச் சம்பளம் உண்டுதான். ஆனால் அவள் ஆசைப்பட்டது வேறு. படத்தின் முடிவில் ஒரு முழுத் திரையில், 'கடல்' என்று போட்டு அதன் கீழே அவள் பெயரை மட்டும் தனியாகப் போடுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். நகத்தைக் கடித்துக்கொண்டே பேசும் மனிதர் என்றாலும், கொடுத்த வாக்கை விழுங்குகிறவர் இல்லை. அந்த ஒரு திரைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அப்போதுதான் பணம் போட்ட அம்மாள் வந்தார். குடை ஃபாக்டரி வைத்திருப்பவர், இந்தப் படத்துக்கு முதல் போட்டவர், பேச்சில் சிக்கனம். முதன்மை அவரைப் பட்டியல் நாளுக்கு அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நிற்க வைத்தார். பெயர்கள் ஓடி முடிந்ததும் அம்மாள் கேட்டார்.

"அது என்ன, சில பெயருக்கு முன்னாடி நட்சத்திரம் இருக்கு, சிலதுக்குக் கோடு இருக்கு?"

"கோடுன்னா ஃபைல் இங்க இல்லைன்னு அர்த்தம்மா. சீட்டுதான் இருக்கு" என்றார் விரல்காரர்.

முதன்மை திடுக்கிட்டார். தன் துறையில் ஒருவர், அதுவும் விருந்தாளி முன்னால், 'இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாள் போனதும் விரல்காரரை அறைக்குள் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு கோடு என் கண்ணுல படக் கூடாது. எல்லாத்துக்கும் நட்சத்திரம் வேணும்."

"அதுக்கு எல்லா ஃபைலையும் கீழேருந்து மேல கொண்டு வரணும் சார். இடம் பத்தாது."

"நட்சத்திரம் போடச் சொன்னேன். ஃபைலை யாரு கொண்டு வரச் சொன்னா?"

விரல்காரருக்குப் புரிந்துவிட்டது. கோடு வர வேண்டிய இடத்தில் எல்லாம் நட்சத்திரம் வரும்படி ஒரு சின்ன வேலை செய்தார். அடுத்த வியாழக்கிழமை திரை முழுக்க நட்சத்திரம். முதன்மை தலையைப் பின்னால் சாய்த்து, மொட்டைமாடியில் படுத்து வானம் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். அன்றைக்கு "இருக்கிறது" கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலித்தது. பிஸ்கட்டும் கிரீம் பிஸ்கட்டாக வந்தது.

பின்னாலேயே சிக்கனக் குழு வந்தது. மூன்று பேரும் பட்டியலைப் பார்த்தார்கள். நட்சத்திரம் என்றால் முழுக் கோப்பும் மேஜையிலேயே இருக்கிறது என்று பொருள். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இருக்கிறது. அப்படியென்றால் அதே சரக்கைக் கீழ்த்தளத்தில் இன்னொரு தடவை வைத்து, அதற்குக் குளிர்சாதனமும் போட்டு, கரண்ட் பில் கட்டுவது என்ன கணக்கு? அந்த நட்சத்திரம் நான் போடச் சொன்னது, உள்ளே ஒன்றும் கிடையாது என்று முதன்மை அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார். கீழ்த்தளத்து சர்வரை வழித்துத் துடைத்து விற்றார்கள். அந்த அறையில் டேபிள் டென்னிஸ் மேஜை போட்டார்கள். சிக்கனத்துக்காக முதன்மைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேஜைகளில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களையும் எடுத்துக்கொண்டு ஒல்லியான புதியவற்றைக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் சீட்டுக்கு மட்டும்தான் இடம்.

சில வார விடுப்புக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கடல்காரி வந்து புயல் கடலைத் திறந்தாள். மூன்று வரி வந்தது. ஏதோ தவறாகத் தட்டிவிட்டோம் என்று விடியற்காலைக் கடலைத் திறந்தாள். மூன்று வரி. மழைக் கடலும் மூன்று வரிதான். கோப்பை அனுப்பச் சொல்லிக் கீழ்த்தளத்தைக் கேட்டுப் பார்த்தாள். கீழ்த்தளம் என்று ஒன்றே இல்லை என்றது கம்ப்யூட்டர். பக்கத்து மேஜையில் படத்துக்குக் காடு செய்யும் மரக்காரரிடம் ஓடினாள்.

"உங்க காடு திறக்குதா?"

மரக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதே. என்னுதும் சீட்டுதான். பட்டியல்ல இருக்குல்ல, பேசாம வேலையைப் பாரு."

"என்ன வேலையைப் பாக்கறது?"

"நான் பாக்கறேன்ல" என்றார் அவர். இல்லாத காட்டுக்குப் பல வாரமாக இலை போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

கடல்காரியால் அப்படி இருக்க முடியவில்லை. ஆனால் அவள் பதறவும் இல்லை. கால் உடைந்தபோது வரவழைத்த கடல் வீட்டில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு திருத்தியதையெல்லாம் வாரக் கடைசியில் வீட்டிலும் உட்கார்ந்து திருத்தியிருந்தாள், அந்த அலை மேல் அவளுக்கு அவ்வளவு பைத்தியம். நான்காம் மாடிக்குப் போய், இந்த மாதிரி ஆகிவிட்டது, பயப்படாதீர்கள், என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினாள். நல்ல மனசோடுதான் ஏறினாள்.

காத்திருக்கும் அறைச் சுவரில் துறையின் விதிகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பொழுது போகாமல் படித்தாள். பட்டியலுக்கு வெளியே யாரிடமாவது கம்பெனிக் கோப்பு இருந்தால் அது திருட்டு, உடனே போலீஸ் என்று ஒரு விதி சொன்னது. கடல்காரி அதை இரண்டு தடவை படித்தாள். உள்ளே கூப்பிட்டபோது பாதிப் பேச்சைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

"என் கடலைக் காணோம் சார்."

"காணோம்ங்கற வார்த்தையை இந்த மாடியில சொல்லக் கூடாதும்மா" என்றார் முதன்மை. கோபமில்லை, கனிவாகவே சொன்னார். அவளுக்காகத் தனிப் பட்டியல் போட உத்தரவிட்டார். கிழமை திங்கள் என்பதால் அதற்குத் தனி ஒப்புதல் வாங்கினார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். விரல்காரர் தட்டினார். விடியற்காலைக் கடல், மழைக் கடல், புயல் கடல் என்று அவள் வைத்த பெயர்களெல்லாம் ஆளுக்கொரு நட்சத்திரத்தோடு வந்து நின்றன.

"இருக்கிறது" என்றார் முதன்மை.

"இருக்கிறது" என்றார்கள் எல்லாரும்.

"சார், இதுல ஒன்னே ஒன்னைத் திறந்து பாருங்க."

"திறக்கறது எங்க துறையோட வேலை இல்லை. திறப்புப் பிரிவுன்னு ஒன்னு ஒப்புதல் ஆகியிருக்கு. நாற்காலி வந்திருச்சு, ஆள் இன்னும் வரலை."

"நானே திறந்து காட்டறேன் சார்."

"நீங்க திறந்தா நீங்க பார்த்ததா ஆகும். நாங்க பட்டியல் போட்டா கம்பெனியே பார்த்ததா ஆகும். எது பெருசு, நீங்களே சொல்லுங்க." முதன்மை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாரும்மா. நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து இங்க ஒரு ஃபைல் தொலைஞ்சதில்லை. எதனால? ஒன்னையும் தேடினதில்லை. தேடினாத்தானே தொலையும். உங்க மாதிரி ஆளுங்க திறந்து திறந்து பார்த்துத்தான் ஃபைல் எல்லாம் கெட்டுப் போகுது."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

அவள் விடவில்லை. தினமும் படியேறினாள். கடைசியில் துறை ஒரு விசாரணைக் குழுவை உட்கார வைத்தது. குழு எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பட்டியல் 'இருக்கிறது' என்கிறது, இந்தப் பெண் 'இல்லை' என்கிறாள், பட்டியலுக்குக் கோளாறு வராது, அப்படியானால் கோளாறு எங்கே? கண்ணில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மனதாக முடிவு செய்து, அவளைக் கம்பெனிச் செலவில் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவள் கடைசி வரி வரைக்கும் படித்து, அதன் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். கண் பிரமாதமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அதைப் பார்த்த முதன்மை பெருமூச்சு விட்டார். "கண்ணு கெட்டிருந்தா மன்னிச்சிருப்பேன். கண்ணு நல்லா இருந்தும் இல்லைங்கறீங்கன்னா, இது வியாதி இல்லை. வேணும்னே பண்றீங்க."

பட்டியலை அவமதித்ததற்காக அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். கடலுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமே என்று முதன்மையின் மைத்துனனை அந்த இடத்தில் போட்டார்கள். அதுவரை டேபிள் டென்னிஸ் அறையைப் பார்த்துக்கொண்டவன் அவன். படத்தின் கடைசியில் 'கடல்' என்று வருகிற திரையில் இனி அவன் பெயர் வரும் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். இயக்குநர் எதிர்த்துப் பேசினார். அவருக்கும் கண் டாக்டரின் விலாசத்தைக் கொடுத்தார்கள்.

கடல்காரி மேஜையைக் காலி செய்துகொண்டு மாடிப்படியில் இறங்கியபோது மைத்துனன் எதிரே வந்தான். மரியாதை தெரிந்த பையன்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். கடல்ல அலை எந்தப் பக்கமா போகும்?"

அவள் அவனைத் தாண்டி இறங்கிப் போனாள். வயிறு எரிந்தது. வேலை போனதுகூட இவ்வளவு எரியவில்லை.

வீட்டில் கணவர் ஒரு கடைவாய்ப்பல்லுக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பல்லையும் வைக்கவில்லை, குறுக்கேயும் பேசவில்லை.

"உன் கடல் முழுசா நம்ம வீட்டுலதானே இருக்கு. கொண்டு போய்க் காட்டினா என்ன?"

"காட்டினா திருடின்னு சொல்லிப் பிடிச்சுக் கொடுப்பாங்க. கடல் அவங்க கைக்குப் போகும், பேரு அந்த மைத்துனனுக்குப் போகும்."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"ஒன்னும் பண்ணப் போறதில்லைங்க. இருக்குங்கறாங்கல்ல, இருக்கறதை எடுத்து அவங்களே ஊருக்குப் போட்டுக் காட்டட்டும். நான் உக்காந்து பாக்கறேன்."

பல் செட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இவ்வளவு பொல்லாதவன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கும் இப்பதான் தெரியுது" என்றாள்.

பணம் போட்டவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் படத்தின் முதல் பகுதியைத் திரையிட்டுக் காட்ட நாள் குறித்தார்கள். பட்டியலில் இருப்பதை யாரும் மேஜையில் திறந்து சரிபார்க்கக் கூடாது, பெயர்களை வரிசைப்படி கோத்துக் கொடுத்தால் போதும் என்று துறையின் உத்தரவு. இயக்குநர் பெயர்களைக் கோத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். அழைப்பிதழ் கடல்காரிக்கும் வந்தது. ஒரு தடவை பட்டியலில் ஏறிய பெயரை நீக்கும் வழக்கம் அந்தத் துறைக்கு எப்போதுமே கிடையாது. அவளும் கணவரும் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

முதன்மை மேடையேறினார். "கடல்னா என்ன? தண்ணி, உப்பு, மீன்னு சாதாரண ஜனங்க சொல்வாங்க. அது எல்லாம் வத்திப் போகக் கூடியது. வத்தாத கடல் ஒன்னு உண்டுன்னா அது பட்டியல்ல இருக்கற கடல்தான். அந்தக் கடலை இன்னைக்கு நீங்க பார்க்கப் போறீங்க" என்றார். மைத்துனனை எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டு வாங்கிக் கொடுத்தார்.

விளக்கு அணைந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதன் நடுவில் திமிங்கிலக் குட்டி மட்டும் வந்தது. குட்டி சின்னக் கோப்பு, பெருங்கோப்பாக அதை யாரும் மதிக்கவில்லை, அதனால் பிழைத்துக்கொண்டது. கடல் இல்லை, கரை இல்லை, மரக்காரரின் காடு இல்லை. வெறும் சாம்பலில் குட்டி வாலை ஆட்டி ஆட்டி நீந்தியது. "அம்மா" என்று கூப்பிட்டது. அம்மா திமிங்கிலம் ரொம்பப் பெரியது. ஆகவே அதுவும் இல்லை. குட்டி யாரும் இல்லாத இடத்தில் யாரையோ முட்டி, கொஞ்சி, புரண்டு சிரித்தது.

முதலில் சிலர் இது புதுமாதிரிக் கலை என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு கைதட்டு தேய்ந்துபோனது. இரண்டாவது தடவை குட்டி "அம்மா" என்றபோது கடல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் குட்டியின் வயிற்றுக்கடியில் பச்சையும் நீலமுமாக ஒரு நீரோட்டம் போக வேண்டும். அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள். முதன்மையின் பின்னங்கழுத்து வியர்வையில் மின்னியது. அவளுக்கு மனசு குளுகுளுவென்று ஆனது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

"கடல் எங்க?" என்றார் பணம் போட்ட அம்மாள். விளக்கைப் போட்டார்கள்.

முதன்மை அசரவில்லை. "பட்டியலைப் போடுப்பா" என்றார். விரல்காரர் ஓடிப் போய்த் தட்டினார். அவ்வளவு பெரிய திரை நிறைய நட்சத்திரம் பூத்தது. "இருக்கிறது" என்றார் முதன்மை. அரங்கத்தில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்த துறைக்காரர்கள் எழுந்து, "இருக்கிறது" என்றார்கள். பழக்கமில்லாத விருந்தாளிகள் நாலைந்து பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்தார்கள்.

"அதுல ஒன்னைத் திறங்க" என்றார் அம்மாள்.

"அதுக்குத் திறப்புப் பிரிவு..." என்று ஆரம்பித்தார் விரல்காரர்.

"என் காசுல வாங்கின கம்ப்யூட்டர் அது. திறங்க."

விரல்காரர் திறந்தார். மூன்று வரி வந்தது. அம்மாள் இன்னொன்றைத் திறக்கச் சொன்னார். மூன்று வரி. அம்மா திமிங்கிலத்தையாவது காட்டச் சொன்னார். அதுவும் மூன்று வரிதான், எழுத்து மட்டும் திரையளவுக்குப் பெரிதாக இருந்தது. அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கடல் வரணும். வரலைன்னா உங்க மாடியை மேஜை நாற்காலியோட வித்துடுவேன்."

மறுநாள் காலை பல் விளக்கும் நேரத்துக்கே இயக்குநர் கடல்காரியின் வீட்டுக்கு வந்தார். காய்ச்சலோடு வந்து, கொஞ்சம் அழுது, டீ குடித்துவிட்டுப் போனார். முதன்மை வந்தது மதியத்துக்கு மேல். கால் உடைந்தபோது கடலை வீட்டுக்கு அனுப்பிய ஞாபகம் விரல்காரருக்கு அப்போதுதான் வந்திருந்தது. அவரையும் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்தார். உட்கார இடம் பார்த்தார்கள். அலமாரி முழுக்க மாவில் வார்த்த தாடைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்த பெஞ்சில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"கடல் இருக்காமே?" என்றார் முதன்மை.

"வீட்டுல வெச்சிருந்தா திருட்டுன்னு உங்க சுவத்துல எழுதியிருக்கே சார்."

"அது பழைய விதிம்மா. மாத்திட்டோம்."

"எப்ப?"

"வர வழியில."

கடல்காரி கம்ப்யூட்டரைத் திருப்பிப் புயல் கடலைத் திறந்தாள். முதன்மை தன் வாழ்நாளில் பார்த்த முதல் கோப்பு அதுதான். கருத்த அலை ஒன்று மெதுவாக எழும்பி, உச்சியில் ஒரு கணம் யோசித்து, உடைந்து விழுந்தது. நுரை திரையின் ஓரம் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"இது என்ன?" என்றார்.

"கடல் சார்."

"நம்ம கடலா?" இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். "ரொம்ப அசையுதே. பட்டியல்ல இப்படி அசையலையே."

மைத்துனன் வாயைப் பிளந்தபடி அலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். முதன்மை தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை திரும்பக் கிடைக்கும் என்றார். துணை முதன்மை என்று ஒரு பதவியே போடலாம் என்றார். திறப்புப் பிரிவின் நாற்காலி சும்மாதான் இருக்கிறது, வேண்டுமானால் இன்றைக்கே வந்து உட்காரலாம் என்றார்.

"எனக்கு நாற்காலி வேண்டாம். அந்தம்மாவுக்கு இங்கேருந்தே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நடந்ததை உங்க வாயால சொல்லுங்க."

"எதைச் சொல்லணும்?"

"நட்சத்திரம் யார் போடச் சொன்னதுன்னு சொல்லுங்க. கீழ்த்தளத்தை யார் துடைக்க விட்டதுன்னு சொல்லுங்க. என் கண்ணுல கோளாறு இல்லைன்னு சொல்லுங்க. இந்தக் கடல் யார் செஞ்சதுன்னு சொல்லுங்க."

"அதை எல்லாம் எப்படிம்மா நானே என் வாயால..."

பல் செட்டுக்காரர் தலை நிமிராமல், "மணி நாலாகப் போகுது சார்" என்றார்.

முதன்மை மைத்துனனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். விரல்காரரைப் பார்த்தார். அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் போனை எடுத்து எண்ணைத் தட்டினார்.

சொன்னார். கோடு இருந்த இடத்தில் நட்சத்திரம் போடச் சொன்னது நான்தான் என்றார். அதில் முழுக் கோப்பு கிடையாது என்று சொல்லாமலே சர்வரை விற்க விட்டேன் என்றார். தேடி வந்த பெண்ணைப் பைத்தியக்காரி ஆக்கினேன் என்றார். என் மைத்துனனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, டேபிள் டென்னிஸும் சுமார்தான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். குரல் போகப் போகக் கம்மிக்கொண்டே போனது.

"சரியாக் கேக்கலை. முதல்லேருந்து மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் அம்மாள்.

முதன்மை முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை அம்மாள், "ம், அப்புறம்" என்றார். கடைசியில், "சரி, வைங்க" என்று போனை வைத்துவிட்டார்.

முதன்மை கைக்குட்டையால் முகம் முழுக்கத் துடைத்தார். வந்தபோது இருந்ததைவிட ஒரு சுற்று சின்னதாகத் தெரிந்தார்.

"சொல்லிட்டேன்ல. கொடும்மா கடலை. சாயங்காலத்துக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்கணும்."

"அது காலையிலேயே போய்ச் சேர்ந்தாச்சு சார்" என்றாள் கடல்காரி. "டைரக்டர் வந்து வாங்கிட்டுப் போனார். அந்தம்மா மத்தியானமே முழுசா உக்காந்து பார்த்துட்டாங்க. கடைசியில என் பேரு மட்டும் தனியா வரும்னு கையெழுத்துப் போட்டும் அனுப்பிட்டாங்க."

முதன்மை பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"அப்ப என்னை எதுக்கும்மா போன் பண்ண வெச்சே?"

கடல்காரி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேக்கணும் போல இருந்துச்சு சார்."